சட்டித் தயிருக்கு யார் சொந்தக்காரர்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் கொட்டிப் பாத்தா முக்கால்வாசி ஒரே விசயம்தான், கம்பஸ்ல கண்டுபிடிச்சத எப்பிடிக் காசாக்கிறது, சங்கத்த எப்பிடிக் கம்பனியாக்கிறது, யார நம்புறது. கலியாணப் பொருத்தம், முடி கொட்டுறது எல்லாம் கேட்டு எழுதின ஆக்கள் அடுத்த மாசம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க.

கேள்வி: நான் வந்தாறுமூலை கம்பஸ்ல கடைசி வருசம். புரொஜெக்டுக்காக மண் சட்டிக்கு உள்பக்கம் பூசுற ஒரு பூச்சு செஞ்சன், அந்தச் சட்டில போட்ட தயிர் வழமைய விட கூட நாள் புளிக்காம நிக்குது. சேர் உடனே ஆய்வரங்குல வாசிப்பம் எண்டுறார். மாமா வாயத் திறக்காத, முதல்ல பேட்டன்ட் எடு எண்டுறார். இது என்ட பேர்லயா, சேர்ட பேர்லயா, கம்பஸ்ட பேர்லயா வரும்?
(ஏறாவூர் வாசகர்)

தம்பி, மாமா சொல்றதுல பாதி சரி. பேட்டன்ட் எண்டா கண்டுபிடிச்சத கொஞ்சக் காலத்துக்கு உங்கட அனுமதியில்லாம ஆரும் செஞ்சு விக்க ஏலாத உரிமை. அத எடுக்கிறதுக்கு முதல் நிபந்தனையே விசயம் புதுசா இருக்கோணும் எண்டதுதான். விண்ணப்பம் போட முதல் நீங்க மேடைல வாசிச்சாலும், சஞ்சிகைல வந்தாலும், ஃபேஸ்புக்ல சட்டியோட நிண்டு படம் போட்டு கீழ ரெசிப்பி எழுதினாலும் அது பகிரங்கமானதுதான். ஐரோப்பாவில அதோட கதை முடிஞ்சுது, அமெரிக்காவில ஒரு வருசம் தவணை குடுக்கிறாங்க.

இதில நல்ல ஒரு கதை இருக்கு. அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இருந்த ஸ்டான்லி கோகனும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஹெர்பர்ட் போயரும் மரபணுவ வெட்டி ஒட்டுற முறைய 1973 நவம்பர்ல பேப்பராப் போட்டுட்டாங்க, பேட்டன்ட் எண்ட நினைப்பே அவங்களுக்கு இல்ல. அடுத்த வருசம் செய்தித்தாள்ல அதப் பாத்துட்டு, ஸ்டான்ஃபோர்ட்ல லைசன்ஸ் ஒபிச, அதாவது கண்டுபிடிப்பக் காசு வாங்கிக்கொண்டு மத்தவங்களப் பாவிக்க விடுற பிரிவத் தொடங்கின நீல்ஸ் ரைமர்ஸ் எண்டவர் கோகனத் தேடிப் போய், வேணாம் எண்டவரச் சம்மதிக்க வச்சு, ஒரு வருசத் தவணை முடிய ஒரு கிழமை கிடக்கக்குள்ள 1974 நவம்பர்ல விண்ணப்பத்தப் போட்டார். அமெரிக்காவில உரிமை கிடைச்சுது, வெளிநாட்டு உரிமை எல்லாம் கையவிட்டுப் போச்சுது, ஏனெண்டா பேப்பர் முதலே வந்துட்டுதே. அப்பிடியிருந்தும் 1997ல காலாவதியாகிற வரைக்கும் 468 கம்பனிகளுக்கு லைசன்ஸ் குடுத்து ஏறத்தாழ 25 கோடி 50 லட்சம் டொலர் எடுத்தாங்க. இன்னொண்டையும் கவனியுங்க, ஒரு கம்பனிக்கு மட்டும் குடுத்து மத்தவங்களுக்குக் கதவடைக்கல்ல, ஆரம்பத்துல வருசத்துக்கு 10,000 டொலர் எண்டு எல்லாராலயும் கட்ட ஏலுமான ஒரு கட்டணத்த வச்சு ஆர் கேட்டாலும் குடுத்தாங்க.

ஆகவே சேர்ட்ட மரியாதையாச் சொல்லுங்க, சேர் வாசிப்பம், ஆனா விண்ணப்பம் போட்டுட்டு வாசிப்பம் எண்டு. விண்ணப்பம் போட்ட திகதி கைல இருந்தா அடுத்த நாளே மேடை ஏறலாம், ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரியில்ல, ஒழுங்குதான் முக்கியம். நம்மட நாட்டுல 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, விண்ணப்பம் கொழும்புல தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகோணும், கிடைச்சா விண்ணப்பிச்ச நாள்ல இருந்து 20 வருசம். இங்க எடுத்தது இங்க மட்டும்தான் செல்லும், இந்தியாவில ஒருத்தன் உங்கட பூச்சப் பூசி வித்தா நம்மட பேட்டன்டக் காட்டி ஒண்டும் செய்ய ஏலாது.

இனி யார்ட பேர்ல எண்டது. கண்டுபிடிப்பாளர் எண்டு பேர் போடுறது வேற, சொந்தக்காரர் எண்டது வேற, இது ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் எத்தினையோ பேர் மூஞ்ச தூக்கிக்கொண்டு திரியிறாங்க. மூளைய உண்மையில போட்ட எல்லாரும் கண்டுபிடிப்பாளர். சேர் யோசனை சொல்லிச் சேர்ந்து செஞ்சிருந்தா அவரும்தான், ஆனா லெட்டர்ல கையெழுத்து வச்சுக் குடுத்ததுக்காக மட்டும் ஒருத்தர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். சொந்தம் எண்டது வேலை ஒப்பந்தத்தப் பொறுத்தது. சம்பளத்துக்கு வேலை செய்யிறவர் அந்த வேலையின்ட பகுதியாக் கண்டுபிடிச்சா, வேற மாதிரி எழுதி வைக்காட்டி அது வேலை குடுத்தவருக்குத்தான். சேர் சம்பளக்காரர். நீங்க மாணவர், சம்பளக்காரர் இல்ல. ஆனா கம்பஸ்ட லேப், கம்பஸ்ட சாமான், ஆராய்ச்சி நிதி எல்லாம் பாவிச்சிருப்பீங்க, அனுமதி எடுக்கக்குள்ள எதிலயாவது கையெழுத்தும் வச்சிருப்பீங்க, அதத் தேடி எடுத்து வாசியுங்க. இப்ப அரச கம்பஸ்கள்ல யூபிஎல் செல் எண்டு, பிஸ்னஸ் ஆக்களையும் கம்பஸையும் இணைக்கிற ஒரு பிரிவு இருக்கு, அங்க போய் புலமைச் சொத்துக் கொள்கைய எழுத்துல கேளுங்க. வாய்க்கதைல "அதெல்லாம் பாத்துக்கொள்ளுவம்" எண்டா, இன்னொருக்கா போய் எழுத்துல கேளுங்க.

இது ஊருக்கு ஊர் வேற வேற மாதிரி. அமெரிக்காவில 1980ல பே-டோல் சட்டம் வந்தாப்பிறகுதான் அரசாங்கக் காசுல செஞ்ச ஆராய்ச்சியப் பல்கலைக்கழகமே வச்சுக்கொள்ளலாம் எண்டாச்சு. ஐரோப்பாவில கன நாடுகள்ல ப்ரொஃபசர் கண்டுபிடிச்சா அது ப்ரொஃபசருக்கே எண்டு ஒரு சலுகை இருந்தது, அமெரிக்காவப் பாத்து ஒவ்வொண்டா அத எடுத்துட்டாங்க, டென்மார்க் 2000ல, ஜேர்மனி 2002ல, நோர்வே 2003ல. சுவீடன்காரன் மட்டும் இன்னும் விடல்ல. நோர்வேல என்ன நடந்தது எண்டு ரெண்டு பொருளியல் ஆய்வாளர்கள் வடிவா எண்ணிப் பாத்தாங்க, முழு உரிமையையும் ப்ரொஃபசர்ட்ட இருந்து எடுத்து மூண்டுல ஒரு பங்கு அவருக்கு, மிச்சம் பல்கலைக்கழகத்துக்கு எண்டு மாத்தினதும் பல்கலைக்கழக ஆக்கள் தொடங்குற கம்பனியும் பேட்டன்டும் ஏறத்தாழப் பாதியாக் குறைஞ்சு போச்சு. ஒபிஸ் வந்தது, கதிரை மேசை வந்தது, ஆளுக்கு மனசு விட்டுப்போச்சு.

ஏன் ஆள் இவ்வளவு முக்கியம் எண்டா, லேப்ல இருந்து வெளில வாற சாமான் அனேகமா அரைவேக்காடுதான். அமெரிக்காவில 62 பல்கலைக்கழகத்துல கேட்டுப் பாத்த ஒரு ஆய்வுல, லைசன்ஸ் குடுக்கக்குள்ள உடனே சந்தைக்குப் போடுற நிலைமைல இருந்தது 12 சதவீதம் மட்டும்தான், 71 சதவீதத்துக்குக் கண்டுபிடிச்ச ஆள் கூட நிண்டு வேலை செஞ்சாத்தான் மேல போகும். உங்கட சட்டியையே எடுங்க. மண் சட்டி தயிர்ல உள்ள தண்ணிய இழுக்கிறதாலதானே தயிர் கத்தி வச்சு வெட்டுற மாதிரி கட்டியா வருது, பூச்சுப் பூசினா சட்டி தண்ணி குடிக்குமா? மேல ஆடை நல்லா நிக்குது, கீழ தண்ணி மிதக்குது எண்டா, வெயிலுக்கு றோட்டுக்கரைல அடுக்கி வச்சு விக்கிற அக்காமார் திருப்பித்தான் தருவாங்க. பூசின சட்டி சூளைல வைக்கிறதா, சுட்டாப்பிறகு பூசுறதா, சட்டிக்கு எத்தினை ரூபா கூடும், வாயில வைக்கிற சாமானுக்கு அந்தப் பூச்சு ஆபத்தில்ல எண்டு ஆர் சான்றிதழ் தாறது, இதெல்லாம் பேப்பர்ல இல்ல, உங்கட தலையிலதான் கிடக்கு. அதுதான் உங்கட பலமும். பேட்டன்ட் கம்பஸ்ட பேர்லயே போனாலும் பரவால்ல, லைசன்ஸ் எனக்கு இந்த நிபந்தனைல வேணும், ரொயல்டில, அதாவது பேட்டன்டப் பாவிக்கிறவங்க கட்டுற காசுல, பங்கு இவ்வளவு எண்டு இப்பவே எழுதி வாங்குங்க. சட்டிக்காரர் ஒராளையும் பாற்பண்ணைக்காரர் ஒராளையும் இப்பவே பிடிச்சு வைங்க, ஆனா ரகசியம் காக்கிறதுக்கு ஒரு கடதாசில கையெழுத்து வாங்கினாப்பிறகு.

மாமாட பாதிப் பிழை என்ன எண்டு சொல்ல மறந்துட்டன். பேட்டன்ட் எடுத்தா காசு தானா வரும் எண்டு நினைக்கிறார் பாருங்க, அதுதான்.

கேள்வி: லெக்சரர்மார் எல்லாரும் கம்பனி தொடங்கினா எங்கட புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது ஆர்?
(கல்லாறு வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சேர், நீங்க பயப்பிடுற அளவுக்கு ஒருத்தரும் தொடங்கல்ல, அதுதான் பிரச்சினை. பேட்டன்ட் எடுக்கிற விஞ்ஞானிகள் ஆராய்ச்சியக் குறைக்கிறாங்களா எண்டு அமெரிக்காவில உயிரியல் விஞ்ஞானிகளப் பின்தொடர்ந்து பாத்தாங்க, குறையல்ல, கூடத்தான் செஞ்சிருக்கு. எழுப்புற கேள்வி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கம்பனிக்கு வேண்டிய பக்கம் சாயுது, அதக் கவனிக்கத்தான் வேணும். மத்தது, அப்பிடி ரெண்டு தோணில கால் வைக்கிற ப்ரொஃபசர்மாரப் பேட்டி கண்டவங்க சொல்றாங்க, அவங்க தங்கள வாத்தியாராத்தான் முதல்ல நினைக்கிறாங்க, யாவார வேலைய வேற ஆள்ட்ட குடுத்துட்டு, லேபுக்குள்ள யாவாரம் பூராம ஒரு வேலி போட்டுக்கொள்றாங்களாம். படிப்பிக்காம ட்யூஷனுக்கு ஓடுறவரப் பத்தி நீங்க எழுதினா அடுத்த இதழ்ல பக்கம் பக்கமாப் பதில் போடலாம்.

கேள்வி: கம்பஸ்ல இருந்து புள்ளைகள் வருசம் வருசம் எங்கட வட்டைக்கு வந்து மண் அள்ளிக்கொண்டு போறாங்க, கேள்விக்கொத்து நிரப்புறாங்க, தேத்தண்ணி குடிக்கிறாங்க. எங்களுக்கு என்ன வந்து சேந்த? ஒரு அந்தர் யூரியாக்கு நாங்க பட்ட பாடு அவங்களுக்குத் தெரியுமா?
(சம்மாந்துறை வாசகர்)

காக்கா, கோபம் நியாயம். ஆனா ஒண்டச் சொல்லட்டா, உங்கட வெள்ளாமைல விதைக்கிற நெல்லே ஆராய்ச்சில வந்ததுதான். பிஜி எண்டு தொடங்குற நெல்லெல்லாம் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்துல உருவானது, ஏடி எண்டு தொடங்குறது அம்பலாந்தோட்டை. அதுக்கு நீங்க ஆருக்கும் ரொயல்டி கட்டல்ல, நம்மட சட்டத்துல பயிருக்குப் பேட்டன்ட் குடுக்கவும் ஏலாது, விவசாயத் திணைக்களம் விதைய விடும், நீங்க அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பீங்க, பக்கத்து வயற்காரனுக்கும் ரெண்டு மரைக்கால் குடுப்பீங்க. லைசன்ஸ் இல்ல, ஒபிஸ் இல்ல. தொழில்நுட்பம் கை மாறுறதுல இதவிடப் பெரிசு நம்மட நாட்டுல நடக்கல்ல எண்டுதான் நான் சொல்லுவன், ஆனா இதுக்கு ஒருத்தரும் விழா வைக்கிறதில்ல.

யூரியா கதை வேற மாதிரி. இப்ப ஹோமாகமைல இருக்கிற ஸ்லின்டெக் எண்டு ஒரு நானோ தொழில்நுட்ப நிறுவனம் 2008ல தொடங்கினது, அரசாங்கமும் பெரிய தனியார் கம்பனிகளும் சேந்து போட்டது, முழுசா அரசாங்கமும் இல்ல, முழுசாக் கம்பனியும் இல்ல, இப்ப ஆய்வாளர்கள் ஹைபிரிட் நிறுவனம் எண்டு கதைக்கிறது இப்பிடியானதத்தான். அங்க யூரியாவ எலும்புல இருக்கிற மாதிரியான ஒரு கல்சியம் பொசுபேற்று நானோத் துகள்ல ஏத்தினாங்க. சும்மா யூரியாவத் தண்ணில போட்டா கொஞ்ச நேரத்துலயே கரைஞ்சு போயிரும், வாய்க்கால்ல ஓடுறது பாதி, காத்துல போறது மீதி, நெல்லுக்குக் கிடைக்கிறது மிச்சம் மீதிதான். இது ஒரு கிழமை வரைக்கும் மெதுமெதுவா விடும். வயல்ல போட்டுப் பாத்து, யூரியாவ அரைவாசியாக் குறைச்சும் விளைச்சல் குறையல்ல எண்டு 2017ல அமெரிக்க இரசாயனச் சங்கத்துட நானோ சஞ்சிகைல எழுதினாங்க. அதுக்கும் முன்னயே தொழில்நுட்பத்துக்கு லைசன்ஸ் எடுத்தது ஆர் தெரியுமா, இந்தியாவில நாகார்ஜுனா உரக் கம்பனி. ஏனெண்டா அவங்கள்ட்ட தொழிற்சாலை இருந்தது. வாங்கிச் செய்யிற அளவுக்குக் கை நீளமான ஆள் உள்ளூர்ல இல்லாட்டி கண்டுபிடிப்பு அடுத்த நாட்டுக்குத்தான் போகும், விக்கிறவனக் குத்தம் சொல்லி வேலையில்ல. 2021ல இரசாயன உர இறக்குமதிய ஒரே அடியா நிப்பாட்டி நீங்க பச்சை பிடிக்காத வயலப் பாத்துக்கொண்டு நிண்ட நேரம், அரைவாசி யூரியாவில வெள்ளாமை செய்யிற பொருள் நம்மட ஆக்கள்ட மூளைல இருந்து வந்தது, நம்மட கடைல இல்ல.

மண் அள்ள வாற புள்ளைகள்ட்ட அடுத்த முறை ஒண்டு கேளுங்க: ரிப்போட்ட எப்ப கொண்டு வந்து தருவீங்க? தமிழ்ல ஒரு பக்கம், உங்கட மண்ணுல பொட்டாசியம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, இந்தப் போகம் எந்த உரத்தக் குறைக்கலாம் எண்டு. போன் நம்பர வாங்கி வைங்க. தேத்தண்ணியக் குடுங்க, அது நம்மட பழக்கம்.

கேள்வி: நாங்க பொம்புளைகள் சேந்து கைத்தறிச் சங்கம் ஒண்டு நடத்துறம். தறி எல்லாம் முந்தி ஒரு திட்டத்துல தந்தது, திட்டம் முடிஞ்சு அவங்க போயிட்டாங்க. இப்ப கொழும்புல ஒரு கடைக்காரர் மாசாமாசம் ஓடர் தாறன், ஆனா சங்கத்தோட யாவாரம் செய்ய ஏலாது, கம்பனியா வாங்க எண்டுறார். கம்பனியானா சங்கம் அழிஞ்சு போகும் எண்டு மூத்த ஆக்கள் பயப்பிடுறாங்க. என்ன செய்ய?
(மருதமுனை வாசகி)

தங்கச்சி, மூத்த ஆக்கள்ட பயத்த லேசா எடுக்காதீங்க, உலகம் முழுக்க இதே பயத்துல ஆராய்ச்சி நடந்திருக்கு.

பொலிவியாவில பிராடெம் எண்டு ஏழைகளுக்குச் சின்னக் கடன் குடுக்கிற லாப நோக்கில்லாத ஒரு அமைப்பு இருந்தது, அது 1992ல பாங்கோசோல் எண்டு முழு வங்கியா மாறினது. அதே மாதிரி இன்னொரு அமைப்புல இருந்து காஹா லொஸ் அண்டெஸ் வந்தது. ரெண்டுக்கும் ஒரே சோலி, ஏழைக்கும் உதவோணும், வங்கியாவும் நிக்கோணும். பாங்கோசோல் அனுபவம் உள்ள ஆக்கள எடுத்தது, ஒரு பக்கம் வங்கிக்காரர், மற்றப் பக்கம் சமூக சேவை ஆக்கள். கொஞ்ச நாள்ல ரெண்டு கூட்டமும் கீரியும் பாம்பும், ஒருத்தர் "இவங்களுக்குக் காசு எண்டாத்தான் கண் திறக்கும்" எண்டுறார், மற்றவர் "இவங்களுக்குக் கணக்குத் தெரியாது" எண்டுறார். லொஸ் அண்டெஸ் வேற மாதிரி, ரெண்டு வேலையும் தெரியாத, புதுசாப் படிச்சு முடிச்ச ஆக்கள எடுத்து, தங்கட முறையத் தாங்களே பழக்கினது. அது சண்டையில்லாமப் போனது. 2010ல இதப் பத்தி ஜூலி பட்டிலானாவும் சில்வியா டொராடோவும் எழுதின ஆய்வுதான் இந்தத் துறைல எல்லாரும் முதல்ல எடுத்து வாசிக்கிறது. உங்களுக்கு இதில என்ன இருக்கு எண்டா, கம்பனி தொடங்கினதும் "மனேஜர் ஒராள் வேணும்" எண்டு கொழும்புல கார்மென்ட்ஸ்ல இருந்த ஒராளக் கொண்டு வந்து மேல இருத்திப்போடாதீங்க. உங்கட சங்கத்து ஆக்கள்ட மகள்மார்ல ஏஎல் கொமர்ஸ் செஞ்சிட்டு வீட்ட இருக்கிற ஒரு புள்ளையப் பிடிச்சு கணக்குப் பழக்குங்க, பாவு ஓடுறதும் நாடா போறதும் சின்ன வயசுல இருந்து பாத்த புள்ளையா இருக்கோணும்.

மற்றப் பக்கக் கதையும் இருக்கு. மெக்சிக்கோவில கொம்பார்த்தமோஸ் எண்டு ஏழைப் பொம்புளைகளுக்குக் கடன் குடுக்கத் தொடங்கின ஒரு அமைப்பு 2007ல பங்குச் சந்தைக்குப் போச்சு, பங்கு வச்சிருந்த ஆக்களுக்குக் கொள்ளை லாபம், வட்டி ஏழையின்ட தலையில. பங்களாதேஷ்ல ஏழைகளுக்குச் சின்னக் கடன் குடுக்கிற கிராமின் வங்கியத் தொடங்கின முகமது யூனுஸ் அதப் பகிரங்கமாக் கண்டிச்சார். அவ்வளவு தூரம் ஏன் போவான், நம்மட ஊர்லயே கிழமைக் கடன்காரன்ட மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா முன் கதவச் சாத்திட்டுப் பின்னுக்கு நிண்ட வீடுகள் எத்தினை. 2018ல அரசாங்கம் வறட்சி பாதிச்ச மாவட்டங்கள்ல பொம்புளைகள்ட ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன ரத்துச் செய்யிற அளவுக்குப் போச்சு. ஏழைப் பொம்புளைய உயர்த்துறம் எண்ட பேர்லதான் எல்லாம் தொடங்கினது.

எப்பிடிச் சறுக்குது எண்டா, ஒரே நாள்ல சறுக்கிறதில்ல. உங்கட தறிக்கூடத்துல கண் மங்கின ஒரு மூத்தம்மா இருப்பா, மத்தவங்க நெய்யிறதுல பாதிதான் நெய்வா, இழை அறுந்தா முடியிறதுக்கே நேரம் போகும். சங்கமா இருக்கக்குள்ள அவவும் ஒரு தறில இருந்தா, ஒருத்தரும் கேக்கல்ல. கடைக்காரர் மாசம் முடியச் சாரன் கட்டு வேணும் எண்டு நிக்கக்குள்ள அந்தத் தறிய ஆருக்குக் குடுக்கிற? இத இப்ப, ஓடர் வர முதல், எல்லாரும் பாய் விரிச்சு இருந்து கதைச்சு எழுதுங்க. மூத்தம்மாக்கு நூல் சுத்துற வேலை, அதுக்கு இவ்வளவு கூலி எண்டு முடிவெடுத்தாலும் சரி, ஒரு தறி எப்பவும் மெதுவா நெய்யிற ஆளுக்கு எண்டு வச்சாலும் சரி. ஓடர் வந்தாப்பிறகு கதைச்சா கடைக்காரர்தான் முடிவெடுப்பார்.

சட்டப் பக்கம் பாத்தா, சங்கத்த அழிச்சுத்தான் கம்பனி போடோணும் எண்டில்ல. சங்கத்த அப்பிடியே வச்சுக்கொண்டு, சங்கம் பங்குக்காரரா இருக்கிற ஒரு பிரைவெட் கம்பனி போடலாம், தறியும் பிராண்ட் பேரும் சங்கத்துட சொத்து, கம்பனி அதுகளுக்கு வாடகை கட்டும், டிரெக்டர்மார சங்கக் கூட்டம் தெரிவு செய்யும். கம்பனி நொடிச்சுப்போனாலும் தறிய ஆரும் தூக்கிக்கொண்டு போக ஏலாது. ஆனா அதுக்குச் சங்கம் சட்டத்துக்கு முன்னால சொந்தப் பேர்ல சொத்து வைக்கக்கூடிய பதிவுல இருக்கோணும், கூட்டுறவுச் சங்கமாப் பதிஞ்சா அந்தத் தகுதி இருக்கு, மற்றப் பதிவுகள் எண்டா சட்டத்தரணி ஒராள்ட்ட கடதாசியக் காட்டிக் கேளுங்க. லாபத்த ஒருத்தருக்கும் பிரிக்கிறதே இல்ல, எல்லாத்தையும் வேலைக்கே திருப்பிப் போடுறம் எண்டா 2007ம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்துல கேரன்டி கம்பனி எண்டு ஒண்டு இருக்கு, ஆனா நெய்யிற ஆக்கள் வருசக் கடைசில பங்குக் காசு எதிர்பாப்பாங்க, அதால உங்களுக்கு அது பொருந்தாது எண்டுதான் படுது. இங்கிலாந்துல 2005ல இருந்து இந்த நோக்கத்துக்கெண்டே சமூக நலக் கம்பனி எண்டு தனிப் பதிவு இருக்கு, அதுல கம்பனிட சொத்தத் தனி ஆள் சுருட்ட ஏலாம சட்டமே பூட்டுப் போட்டு வச்சிருக்கு. நீங்க அந்தப் பூட்ட உங்கட யாப்புலயே எழுதி வைக்கலாம், தறி விக்கிறதெண்டா அங்கத்தவர்ல முக்கால்வாசிப் பேர் கை தூக்கோணும் எண்டு.

அந்தக் கடைக்காரர்ட்டயும் ஒண்டு கேட்டுப் பாருங்க: கம்பனியானா முற்பணம் எவ்வளவு தருவீங்க? பதில் இல்லாட்டி அவசரப்பட வேணாம்.

கேள்வி: தொழில் முயற்சியாளர் பயிற்சி எண்டு கூப்பிடுறாங்க. ஃபைல் ஒண்டு, பேனை ஒண்டு, பகலுக்குச் சோத்துப் பார்சல், கடைசில சேட்டிபிகேட். என்ட சேட்டிபிகேட் சுவர் நிறையத் தொங்குது, கடைல சாமான்தான் இல்ல. இதெல்லாம் படிப்பிச்சு வாற விசயமா?
(வாழைச்சேனை வாசகி)

அக்கா, என்னத்தப் படிப்பிக்கிறாங்க எண்டதப் பொறுத்தது. ஆபிரிக்காவில டோகோ நாட்டுல 1,500 சிறு தொழில்காரர மூண்டாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு வழமையான கணக்குப் பதிவு, சந்தைப்படுத்தல் பயிற்சி, இன்னொண்டுக்கு தானா முன்வந்து செய்யிற மனப்பழக்கம், அதாவது பக்கத்துக் கடைக்காரன் செய்யாதத யோசிக்கிறது, தடங்கல் வரும் எண்டு முதலே கணக்குப் போடுறது, மூண்டாவதுக்கு ஒண்டும் இல்ல. 2017ல முடிவு வந்தது, மனப்பழக்கம் பழகின ஆக்கள்ட லாபம் 30 சதவீதம் கூடினது, கணக்குப் பயிற்சி எடுத்தவங்களுக்கு 11 சதவீதம், அதுவும் குருட்டு வாக்குல வந்ததா எண்டு பிரிக்க ஏலாத அளவு.

இன்னொரு ஆய்வு நம்மட நாட்டுலயே நடந்தது. 2005ல காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கம் சிறு கடைக்காரருக்குச் சீட்டுக் குலுக்கி 10,000 ரூபா, 20,000 ரூபா பெறுமதில உதவி குடுத்தாங்க, திருப்பிக் கட்டத் தேவையில்ல. எல்லாரையும் சேத்துப் பாத்தா போட்ட காசுக்குச் சராசரியா மாசம் அஞ்சு சதவீதமளவு லாபம் வந்தது, எந்த வங்கி வட்டிய விடவும் மேல. ஆனா அந்த லாபம் வந்தது ஆம்புளைகள்ட கடைலதான். பொம்புளைகள்ட கடைல சராசரியா ஒண்டும் கூடல்ல. உடனே பொம்புளைக்கு யாவாரம் வராது எண்டு சொல்ல வாய் துடிக்கும், பிறகு 2019ல அதே கணக்குகளத் திரும்ப எடுத்துப் பாத்தா வீட்டுல அந்தப் பொம்புளைட யாவாரம் ஒண்டு மட்டும் இருந்தா லாபம் கூடியிருக்கு. புருசனுக்கும் ஒரு யாவாரம் இருந்தா காசு அங்க போயிருக்கு. உங்கட வீட்டுல அவர் என்ன தொழில் எண்டு நீங்க எழுதல்ல, நானும் கேக்கல்ல.

அடுத்த பயிற்சிக்குக் கூப்பிட்டா முடிஞ்சாப்பிறகு கடைக்கு வந்து பாப்பீங்களா எண்டு கேளுங்க. டோகோவில வகுப்பு முடிஞ்சும் பயிற்சியாளர் ஒவ்வொரு ஆளையும் கடைலயே போய்ச் சந்திச்சவங்க.

கேள்வி: இவ்வளவு கதைக்கிற நீங்க ஏன் ஒரு பிஸ்னஸ் தொடங்கல்ல?
(பெயர் போட வேண்டாம் எண்ட வாசகர், காத்தான்குடி)

யாவாரத்துல பேர்போன உங்கட ஊர்க்காரரோட போட்டி போடவா? எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு.

கேள்வி: நானும் மச்சானும் சேந்து ட்ரோன்ல வயலுக்கு மருந்தடிக்கிற தொழில் தொடங்கப் போறம். ஒலுவில் கம்பஸ்ல படிச்ச அவன்தான் மெஷின் பாக்கிற, நான் காசு போடுற. பாதிக்குப் பாதி எண்டு கதைச்சாச்சு. எழுத்துல வேணுமா? மச்சானுக்குள்ள எழுத்தென்ன எண்டு வாப்பா ஏசுறார்.
(அக்கரைப்பற்று வாசகர்)

வேணும். மச்சான் எண்டதாலதான் வேணும், அந்நியன் எண்டா சண்டை பிடிச்சிட்டுப் போகலாம், மச்சானெண்டா பெருநாளுக்கு முகத்துல முழிக்கோணும். புதுசாத் தொடங்குற கம்பனிகளப் பாத்த அமெரிக்க ஆய்வு ஒண்டுல, பெரிசா கதைக்காம அவசரத்துல சமனாப் பிரிச்ச கூட்டாளிகளுக்கு வெளிக்காசு எடுக்கிறது கஷ்டமா இருந்திருக்கு, முதலே மூஞ்சிக்கு நேர கதைக்க ஏலாத ஆக்கள் பிறகும் கதைக்கமாட்டாங்க எண்டதுதான் காரணம் எண்டு படுது. பாதிக்குப் பாதி பிழையில்ல, ஆனா மூண்டு விசயத்தக் கதைச்சுட்டு பாதிக்கு வாங்க: ஒராண்டுல மச்சானுக்கு வெளிநாட்டு வேலை கிடைச்சா அவன்ட பாதி என்ன ஆகும், ட்ரோன் மரத்துல அடிச்சு உடைஞ்சா ஆர்ட காசு, அவன் மெஷின்ல புதுசா ஒண்ட செஞ்சு போட்டா அது தொழிலுக்கா அவனுக்கா. கூட்டுத் தொழிலெண்டா பேர் பதிவு பிரதேச செயலகத்துலயே செய்யலாம், பிரைவெட் கம்பனி எண்டா கம்பனிப் பதிவாளர்ட்ட ஒன்லைன்ல. ட்ரோன் பறக்க விட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதியும் வேணும், அத எடுக்காம முதல் போகத்துக்கு ஓடர் பிடிக்காதீங்க.

வாப்பாட்ட என்ட பேரச் சொல்ல வேணாம்.